என் பெயரில் நின்ற வியாழக்கிழமை

என் வாயைப் பற்றித் துறைமுகம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபம் வந்தால் தமிழும் இந்தியும் சேர்ந்து வரும். ஜெராக்ஸ் மங்கலாக இருக்கிறது என்று முனகுகிறவன் முதல், வரிசையில் முந்தப் பார்க்கிற போலீஸ்காரர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். திட்டுவதற்கு எனக்கு ஆள் யாரென்று தெரிந்தால் போதும். ஆள் யாரென்றே தெரியாமல் நான் திணறியது ஒரே ஒரு தடவைதான். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு பற்றி எரிகிறது.

வீடு அந்தமானில், மரைன் ஹில்லில். கடை கீழே, கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் போகிற ரோட்டில். டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன், அதோடு நெட்டும் உண்டு. சுனாமிக்குப் பிறகு கடையைத் துடைத்துத் திறந்தபோது, வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஜஹாஸ் கப் ஹை, தீதி?" கப்பல் எப்போது. பெங்காலி கேட்பான், தெலுங்கன் கேட்பான், நம் ஆட்களும் கேட்பார்கள். நம் தமிழர்கள் மட்டும், "அக்கா, கப்பல் கப் ஹைனு சொல்லுங்க" என்று பாதியைத் தமிழில் கேட்பார்கள். இந்தத் தீவுகளில் கப்பல் நாள் தெரியாமல் ஒரு காரியமும் நடக்காது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவன்கூட முதலில் கப்பலைப் பார்த்துவிட்டுத்தான் பஞ்சாங்கத்தைப் பார்ப்பான்.

கப்பல் ஆபீஸ் வாசலில் ஒரு போர்டு உண்டு. எந்தக் கப்பல் என்றைக்கு எங்கே போகிறது, எங்கிருந்து எப்போது திரும்புகிறது என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். மறுநாளே அது மாறும். காற்று, இன்ஜின், ஏதோ ஒரு பெரிய மனிதரின் டூர், எதற்காகவாவது மாறும். அப்போது ஆபீஸ் ஆள் பசையும் புது நோட்டீஸுமாக வருவார். பழையதைக் கிழிக்க மாட்டார், அதன் தலைமேலேயே ஒட்டிவிட்டுப் போய்விடுவார். மழைக்காலம் முடிவதற்குள் போர்டு மெத்தை மாதிரி உப்பியிருக்கும். ஆனால் அதனால் ஒருத்தரும் கப்பலை விட்டதில்லை. மேலே ஒட்டியிருப்பதுதான் கப்பல் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடியில் இருப்பதைச் சுரண்டிப் படிக்கிற பைத்தியம் எங்கள் ஊரில் கிடையாது.

தினமும் போர்டைப் பார்த்துவிட்டு வந்து நூறு பேருக்கு வாயால் பதில் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. அதனால்தான் நெட்டில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். டைப்பிங் தெரியும், தமிழ் தெரியும், இலவசமாக இடம் கொடுக்கிறார்கள், வேறென்ன வேண்டும்? ஒரு கப்பலுக்கு ஒரு பதிவு. நாள் மாறினால் அதே பதிவைத் திறந்து பழைய நாளை அழித்துப் புது நாளைப் போடுவேன், போர்டில் செய்கிற மாதிரியே. எங்கள் நெட் அப்போது சாட்டிலைட் வழியாக வந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதில் ஒரே கப்பலுக்கு நான்கு பதிவு போட்டு, எது நிஜம் என்று தேடவிட்டால் ஜனங்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

பக்கம் பிடித்துக்கொண்டது. கார் நிக்கோபாரில் ஆபீஸ் வேலையில் இருப்பவர்கள் பார்த்தார்கள். மெயின்லேண்டில் இருக்கிற பிள்ளைகள் பார்த்துவிட்டு, இங்கே தீவில் இருக்கிற அப்பா அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சுனாமி முடிந்து ஆறேழு வருஷம் இருக்கும். கச்சால் தீவிலிருந்து புருஷன் பெண்டாட்டியாக ஒரு அண்ணனும் அக்காவும் கடைக்கு வந்தார்கள். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கொண்டுவந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடிவைக்கப்பட்டவர்கள். அண்ணனுக்கு ஈரல் கெட்டு வயிறு உப்பியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குத் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், என் பேச்சு பிடித்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா தினமும் வருவார். என் வீட்டுக் கஞ்சிதான் அண்ணனுக்குப் போகும். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு அண்ணன், "தாயி, கடலுக்கு நடுவுல இருந்துக்கிட்டு உப்புக்குப் பஞ்சமா?" என்று என்னைக் கிண்டல் பண்ணுவார்.

அந்தச் சமயத்தில் கச்சாலிலிருந்து சேதி வந்தது. சுனாமியில் வீடு போய் அத்தனை வருஷம் தகரக் கொட்டகையில் வெந்தவர்களுக்கு நிரந்தர வீடு கொடுக்கிறார்கள். சாவி வாங்க ஆள் நேரில் நிற்க வேண்டும், நிற்காதவர் பெயர் தள்ளிப்போகும். அக்கா போக மாட்டேன் என்றார். அண்ணன்தான் பிடிவாதமாக அனுப்பினார்.

"போயிட்டு வா புள்ள. தகரத்துக்குள்ளயே என்னைய போட்டு வைக்கப்போறியா? வீட்ட வாங்கு. நா வந்து படுக்கிறேன்."

அக்கா கப்பலேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, அவர பாத்துக்கங்க. சாவி வாங்குன கையோட அடுத்த கப்பல்ல வந்துருவேன். மகன் திருப்பூருல இருக்கான். கம்ப்யூட்டருல கப்பல பாத்து எங்க தோட்டத்து லயத்துல இருக்கிற டீக்கடை போனுக்குச் சொல்லிருவான்." மகனுக்கு என் பக்கத்தின் பெயரைப் போனில் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அக்கா போன பிறகு. "அந்தம்மா அடுத்த கப்பலில் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் தள்ள வேண்டாம்." எனக்குப் புரிந்தது. அண்ணனை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் அக்காவுக்கு இருப்பது ஒரு கப்பல்தான்.

கச்சாலிலிருந்து அந்தக் கப்பல் வியாழக்கிழமை புறப்படும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நானும் அப்படியே போட்டேன். நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலமே மறுபடி பசையோடு ஆள் வந்துவிட்டார். கடலில் புயல் சின்னம், அதற்கு முன்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று கப்பலைச் செவ்வாய்க்கிழமைக்கே இழுத்துவிட்டார்கள். எங்கள் கப்பல் பிந்தித்தான் பழக்கம், முந்துவது அபூர்வம். நான் ஓடிவந்து, நெட் கிடைக்கும்வரை முக்கி முனகி, வியாழனை அழித்துச் செவ்வாய் என்று கொட்டை எழுத்தில் போட்டேன். டீக்கடை நம்பருக்கும் போட்டுப் பார்த்தேன். டவர் இருந்தால்தானே கிடைப்பதற்கு! மகன் விடாமல் முயற்சி பண்ணுகிறவன், அவன் பார்த்துச் சொல்லிவிடுவான் என்று இருந்தேன்.

புதன்கிழமை கப்பல் வந்தது. ஜெட்டியில் நின்று இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். தேங்காய் மூட்டை இறங்கியது, கோழிக்கூடை இறங்கியது, அக்கா இறங்கவில்லை. கச்சால் ஆள் ஒருத்தரைப் பிடித்துக் கேட்டேன்.

"அந்தம்மாவா? கப்பல் வியாழக்கெழமதான்னு சொல்லிட்டு வீட்லயே இருந்துருச்சேம்மா. ரேடியோவுல இன்னிக்குன்னு சொல்றான், கெளம்புன்னு நானே போய்ச் சொன்னேன். காலையிலகூட மகன் பாத்துச் சொன்னான், ரேடியோக்காரனுக்கு என்னா தெரியும்னு என்னைய திருப்பி அனுப்பிருச்சு."

காலையில்கூட வியாழன் என்று பார்த்தானா? எங்கே பார்த்தான்? நான் செவ்வாய் என்று போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டதே! கடைக்கு ஓடி என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். செவ்வாய் என்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டாளா?" என்றார். கப்பல் லேட் என்று சொன்னேன். "கப்பல்னா லேட்டுதான" என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மாதாவே, அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு கடல் யாரையும் விடவில்லை. எல்லாக் கப்பலும் கேன்சல். ஊருக்குள்ளேயே சாத்தத்திலிருந்து எதிர்க்கரை பம்பூஃபிளாட்டுக்குப் போகிற ஃபெரியைக்கூட நிறுத்திவிட்டார்கள். அந்தக் காற்றோடு காற்றாக ஒரு மத்தியான நேரத்தில் அண்ணன் போய்விட்டார். காற்று கொஞ்சம் அடங்கியதும் மகன் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தான். கச்சாலுக்கு அடுத்த கப்பல் எப்போது என்று கப்பல் ஆபீஸிலேயே யாருக்கும் தெரியவில்லை. மார்ச்சுவரியில் எத்தனை நாள் வைப்பார்கள்? அக்கா முகம் பார்க்காமலே எல்லாம் முடிந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மகன் என் கடைக்கு வந்தான். வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டான்.

"வியாழக்கெழமன்னு போட்டீங்களே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? உங்கள நம்பித்தான எங்கம்மாட்ட சொன்னேன்! செவ்வாக்கெழம காலையிலகூடப் பாத்தனே!"

எனக்கும் கோபம் ஏறிவிட்டது. "தம்பி, வாய்க்கு வந்தபடி பேசாத. நான் செவ்வாய்னுதான் போட்டேன். வா, நீயே பாரு." அவனைப் பிடித்து இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். "நீ எப்படிப் பார்த்தியோ அப்படியே பாரு" என்றேன்.

அவன் என் பக்கத்தின் பெயரை அடிக்கவில்லை. தமிழில் 'கச்சால் கப்பல்' என்று அடித்துத் தேடினான். முதலில் வந்தது என் பக்கம் இல்லை. மெயின்லேண்டில் எவனோ நடத்துகிற பெரிய தளம். உலகத் தமிழர் எல்லோருக்கும் எல்லாச் செய்தியும் தருகிறார்களாம். அதில் அந்தமானுக்கும் ஒரு மூலை. அந்த மூலை முழுக்க என் பதிவுகள்! நான் வைத்த தலைப்பு, என் எழுத்து, நான் அவசரத்தில் விட்ட தட்டச்சுப் பிழை உட்பட. நடுவில் நகைக்கடை விளம்பரம், தொப்பை குறைக்கிற எண்ணெய். கச்சால் கப்பல் பதிவில் வியாழக்கிழமை என்று தெளிவாக நின்றுகொண்டிருந்தது. அடியில் 'நன்றி' என்று போட்டு என் பக்கத்தின் பெயர்.

மகன் அந்தப் பெயரைக் காட்டினான். "உங்க பேருதான?"

என் பெயர்தான். அவன் எழுந்து வெளியே போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதான். நான் அந்தத் தளத்தின் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தேடி, போன் நம்பரைப் பிடித்தேன். எடுத்தவர் நல்ல மரியாதையானவர். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"மேடம், அது தானா வர்றது. நாங்க யாரும் உக்காந்து போடறதில்ல."

"தானா வர்றதுக்கு அது என்ன மழையா?"

பொறுமையாக விளக்கினார். நான் எழுதுவதெல்லாம் என் பக்கத்திலிருந்து ஃபீட் என்ற ஒன்றின் வழியாக வெளியே போகிறதாம். இலவச இடம் கொடுத்தவர்களே அதைத் திறந்துவைத்திருக்கிறார்கள். அவருடைய தளத்தில் ஒரு நிரல் இருக்கிறது. அது மணிக்கொரு தடவை வந்து புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அள்ளிக்கொண்டு போய் அங்கே பதிவாகப் போட்டுவிடும். என் கடைக்கு இப்படி ஒரு பின்வாசல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"சரி, அள்ளினீங்க. நான் அதை அன்னிக்கே மாத்திட்டேனே, அது ஏன் மாறல?"

"மாத்தினதை எடுக்காது மேடம். ஒருதடவை எடுத்ததை மறுபடி பாக்காது. நீங்க புதுசா ஒரு போஸ்ட் போட்டிருக்கணும். பழசையே ஏன் எடிட் பண்றீங்க? யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்களே."

கேட்டீர்களா? என் ஊர் கப்பலுக்கு, என் ஊர் ஜனங்களுக்காக, எங்கள் ஊர் வழக்கப்படி நான் எழுதுகிறேன். கேட்காமல் வந்து எடுத்துக்கொண்டு போனவன், எடுப்பதற்குத் தோதாக நான் ஏன் எழுதவில்லை என்று என்னிடம் கணக்குக் கேட்கிறான்!

"ஐயா, இங்க ஒரு மனுஷர் செத்துப்போயிட்டார். பொண்டாட்டி முகம் பார்க்கல. உங்க தளத்தைப் பார்த்துத்தான் கப்பலை விட்டாங்க."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா நாங்க வேணும்னு செய்யலையே. உங்களுக்குக் கிரெடிட்கூடக் குடுத்திருக்கோம்."

"உங்க கிரெடிட்டைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க! நான் சொல்லாததை என் பேர்ல சொல்ல உங்களுக்கு யார் உரிமை குடுத்தது? பேர் என்னுது, பொய் உங்களுது, விளம்பரமும் உங்களுது. நல்லா இருக்கே!"

டெக்னிக்கல் ஆளிடம் சொல்லி எடுக்கச் சொல்வதாகச் சொன்னார். நான் அன்றே என் பக்கத்தின் அமைப்புகளை எல்லாம் துழாவி அந்த ஃபீடை மூடினேன். இனி எவனும் பின்வாசலில் வர முடியாது. ஒரு வாரத்துக்குள் அந்தத் தளத்திலிருந்து எனக்கு மெயில் வந்தது. மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று திறந்தால், 'தங்கள் ஃபீட் சில நாட்களாக வேலை செய்யவில்லை, தயவுசெய்து சரிசெய்யவும்' என்று இருந்தது. அதுவும் தானாக வந்ததுதானாம். அன்றைக்குக் கடையில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பான்கடைக்காரர், "க்யா ஹுவா, தீதி?", என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்துவிட்டார்.

பிறகு கப்பல் ஓட ஆரம்பித்தது. அக்கா வந்தார்.

வருவார் என்று தெரிந்தும் ஜெட்டிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. எந்த மூஞ்சியோடு போய் நிற்பது? அவரே மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"கடைசியா என்னாத்த கேட்டாரு தங்கச்சி?"

"நீங்க வந்தாச்சான்னு கேட்டாரு அக்கா. கப்பல் லேட்னு சொன்னேன். சிரிச்சாரு."

தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "அதக் காட்டுங்க" என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. மகன் வேண்டாம் என்றான். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திறந்தேன். நகைக்கடை விளம்பரம் முதலில் வந்தது, பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. எடுக்கிறேன் என்று சொன்ன மனிதர் எடுக்கவே இல்லை. வியாழக்கிழமை அப்படியே இருந்தது, அடியில் என் பெயரும் இருந்தது. அக்கா விரலை வைத்து மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத அழிச்சுருங்க தங்கச்சி."

"என்னால முடியாது அக்கா. அது என் பக்கம் இல்ல."

"ஒங்க பேரு போட்டிருக்கே?"

"பேரு மட்டும்தான் அக்கா என்னுது."

போனை எடுத்து அந்தத் தளத்து ஆளின் நம்பரைப் போட்டேன். அவர் "மேடம்" என்று ஆரம்பிப்பதற்குள், "நான் பேசல, அவங்க பேசறாங்க" என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டு அக்கா கையில் கொடுத்தேன்.

அக்கா சத்தம் போடவில்லை. "ஐயா, நான் கச்சால்ல இருந்து வந்திருக்கேன். அந்த வியாழக்கெழமய எடுத்துருங்க. வேற பொம்பள யாரும் அதப் படிச்சுட்டு வீட்ல ஒக்காந்துறக் கூடாது" என்றார்.

அந்த ஆளின் குரல் இறங்கி வந்தது. "செய்றேம்மா. கொஞ்சம் டைம் குடுங்க. அது வர்றதுதான் தானா வரும், எடுக்கணும்னா நான் உள்ள போய்க் கையாலதான் எடுக்கணும்."

"கையாலயே எடுங்கய்யா" என்றார் அக்கா. "நான் போன வைக்கல. நீங்க எடுக்குற வரைக்கும் இங்கயே ஒக்காந்திருக்கேன்."